கிலோவில் வாங்கி, கப்பில் சமைக்க ஒரு தராசு

திருத்தணி ம.பொ.சி. சாலைக் கடைகளில் காய் கிலோ கணக்கில் கிடைக்கும். வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறந்தால் "ஒரு கப் நறுக்கிய கேரட், இரண்டு கப் கோஸ்" என்கிறார்கள். நகரி, புத்தூர் பக்கத்துச் சொந்தங்கள் போனில் சொல்லும் கோங்கூர பப்புக்கும் (புளிச்சக்கீரைப் பருப்பு) கப் கணக்குதான். அரை கிலோ வாங்கினால் எத்தனை கப் தேறும்? இதற்காகவே டிஜிட்டல் கிச்சன் தராசு ஒன்று வாங்கினேன். 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் வரை காட்டும் சாதாரண ரகம்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மி.லி. பொத்தானை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் கோஸ் சீவலை வைத்து அதை அழுத்தினால் 100 மி.லி. என்று காட்டுகிறது. ஆனால் அந்தச் சீவல் 240 மி.லி. கப்பில் அடங்காமல் வெளியே விழுகிறது. தராசுக்குள் இருப்பது சிறு உலோகத் துண்டு. பாரம் ஏறினால் அது துளி வளையும். அதில் ஒட்டிய சென்சாரின் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் திரையில் எண்ணாக வருகிறது. அதற்குத் தெரிந்தது எடை மட்டுமே. மி.லி. என்பது தண்ணீர்க் கணக்கு. காய்க்கு அது உதவாது.

ஆனால் அதே பொத்தான் வேறொன்றுக்கு நன்றாக உதவுகிறது. வீட்டில் இருக்கும் கப், டம்ளர், பித்தளை ஆழாக்கு எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். எது எவ்வளவு பிடிக்கும் என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். கப் என்று விற்பதிலேயே 240, 250 என்று இரண்டு அளவு உண்டு.

இனி காய். காலிக் கப்பை வைத்து டேர் பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் வரும். நறுக்கியதைப் போட்டால் காயின் எடை மட்டும் தெரியும். இந்தத் தராசின் உயிரே அந்த டேர்தான். 240 மி.லி. கப்புக்குப் பொடியாக நறுக்கிய வெங்காயம் சுமார் 150 கிராம், தக்காளி 180, கேரட் 125, பீன்ஸ் 100, கோஸ் 80 முதல் 90. ஆய்ந்த கீரை, அழுத்தாமல் போட்டால் 30 கிராம்தான். கையால் அமுக்கினால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். கோங்கூரவை "இரண்டு கப்" என்று சொன்னால் பப்பு ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும். தண்டை நீக்கி, இலையை மட்டும் நிறுத்துப் போட்டால் புளிப்பு ஓரளவு ஒரே சீராக நிற்கிறது.

குறைகளும் உண்டு. வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்துபோகிறது, டேரும் போய்விடுகிறது. அகலமான பாத்திரம் வைத்தால் திரை மறைகிறது. பெருங்காயம், வெந்தயம் போன்ற இரண்டு மூன்று கிராம் சமாசாரங்களுக்கு இதை நம்பாதீர்கள்.

பழைய குறிப்புகளுக்கும் இந்தத் தராசு உதவும். மீனாட்சி அம்மாளின் சமையல் புத்தகமான 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது, பலமும் வீசையும் எடைக் கணக்காகப் புழங்கிய காலம். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த சமயத்தில்தான் கிலோ கடைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. பலக் கணக்கில் எழுதிய பழைய குறிப்புகள் வீட்டில் இருந்தால், ஒரு பலத்துக்கு 35 கிராம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கலாமா? தாராளமாக. ஊறுகாய், தொக்கு போட்டு விற்பவர்கள் மட்டும் இதில் நிறுத்து விற்கக் கூடாது. வியாபாரத்துக்கு முத்திரையிட்ட தராசு வேண்டும் என்பது சட்டம்.

சமையல் குறிப்பு சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கப்போடு கிராமையும் சொல்லுங்கள். அது நறுக்குவதற்கு முன்பா, தோலும் தண்டும் போன பிறகா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.