முடிவெடுக்காதே என்னும் உபதேசம்

பிளஸ் டூ முடிவு வந்ததும் அறிவுரைக் காலம் தொடங்கிவிடுகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்துறைப் பட்டப்படிப்பு ஒரு மோஸ்தராகிவிட்டதால், அதில் சேரும் முதலாண்டு மாணவருக்குச் சீனியர்கள் முதல் பேராசிரியர்கள் வரை ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "இப்பவே எதையும் முடிவு பண்ணிடாதே. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சுப் பாரு."

ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இந்தக் குரல் கூடுதலாகக் கேட்கும். 2006-ல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கப்பட்டபோது, ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பின் முதல் இரண்டாண்டுகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் எல்லோரும் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சொந்தக்காரர் பேச்சையும் நம்பிப் பதினைந்து வயதில் குரூப் எடுத்த பிள்ளை மறுபடி யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியலைத் தொடாமலே வந்தவர் மரபணுவில் மனதைப் பறிகொடுக்கலாம். மறுக்கவில்லை.

பாடத்திட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை, அதன்மேல் ஏற்றிவைத்த உபதேசத்தோடுதான். முடிவைத் தள்ளிப்போடுவதே பல்துறை அறிவு என்று அது பிள்ளைகளை நம்பவைக்கிறது. பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் விரலால் தொட்டு நக்கிவிட்டு எழுந்தவரைச் சாப்பிட்டவர் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நான்கு பாடங்களில் அறிமுகத் தேர்வு எழுதித் தேறியவர் நான்கிலும் கற்றுக்குட்டி, அவ்வளவே.

இந்த உபதேசிகள் தவறாமல் இழுத்துவரும் பெயர் வெங்கி ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்து, இயற்பியல் படித்து, உயிரியலில் உழைத்து, 2009-ல் வேதியியலுக்கு நோபல் வாங்கியவர். சரி, நடந்த வரிசையையும் சொல்ல வேண்டாமா? பரோடாவில் இயற்பியல் பட்டம். 1976-ல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அதுவும் இயற்பியலில்தான். அதன் பிறகே சான் டியேகோவில் மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் கற்றார். ஒன்றை முழுசாகப் படித்தவர், இன்னொன்றை அடியிலிருந்து தொடங்கினார்.

ஜி.என். ராமச்சந்திரன் கதையும் இதேதான். 1952-ல் சென்னை வந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து மூன்றிழைச் சுருளைக் கண்டுசொல்ல அதிக காலம் ஆகவில்லை. எக்ஸ்-கதிர்ப் படிகவியல் அவருக்குக் கைவந்திருந்தது. உயிரியலில் அவர் முதலாண்டுப் பாடம் படித்திருந்தாரா என்பது யாருக்கு வேண்டும்?

'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது எல்லாப் பாடத்துக்கும் பொருந்துவதுமில்லை. முதல் செமஸ்டரில் நேரியல் இயற்கணிதத்தை ஒப்பேற்றிவிட்டு வந்தவர், மூன்றாம் ஆண்டில் குவாண்டம் இயக்கவியல் எடுக்க ஆசைப்பட்டால் முதல் வாரத்திலேயே திணறுவார். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சாப்பாட்டு நேரத்திலேயே அப்பாவோ அம்மாவோ சொல்லிவிடுவார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர்தான் 'முடிவு பண்ணாதே' என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரண்டாண்டைத் தொலைக்கிறார். இதை உபதேசிக்கும் பேராசிரியர்களில் பெரும்பாலோர் ஒரே பாடத்தில் இளநிலை, முதுநிலை, முனைவர் என்று ஏறி வந்தவர்கள். தாங்கள் நடக்காத வழியை ஊரார் பிள்ளைக்குக் காட்டுகிறார்கள்.

ஆகவே முதலாண்டில் சேரும் தம்பி தங்கைகளே, முதல் செமஸ்டரிலேயே ஒரு பாடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் பாடத்திட்டத்தைத் தாண்டிப் படியுங்கள். தேர்ந்தெடுத்தது தப்பாகிவிட்டால் இரண்டாம் ஆண்டில் மாற்றிக்கொள்ளலாம். எதைப் பிடித்தாலும் கணித வகுப்புக்கு மட்டம் போடாதீர்கள்.