லினக்ஸில் வியா: விசைப்பலகை தெரிந்தும் திறக்காதபோது

மெக்கானிக்கல் விசைப்பலகைகளின் விசைகளை விருப்பப்படி மாற்றியமைக்கப் பெரிதும் பயன்படும் மென்பொருள் வியா. கியூஎம்கே என்னும் திறமூல ஃபெர்ம்வேரில் இயங்கி, வியாவுக்கான வசதியும் சேர்க்கப்பட்ட விசைப்பலகைகளில்தான் இது வேலை செய்யும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், உலாவியிலேயே திறந்துகொள்ளலாம். கேப்ஸ் லாக் விசையைக் கண்ட்ரோலாக மாற்றினால், அந்த மாற்றம் விசைப்பலகையின் நினைவகத்திலேயே பதிகிறது. வேறு கணினியில் செருகினாலும் அப்படியே இருக்கும். வழக்கமாக 4 அடுக்குகளும் 16 மேக்ரோக்களும் கிடைக்கின்றன.

விண்டோஸில் செருகியவுடன் இயங்கும் இந்த மென்பொருள், லினக்ஸில் பலருக்கு முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. அனுமதி கேட்கும் பெட்டியில் விசைப்பலகையின் பெயர் தெரியும். தேர்ந்தெடுத்தால் எதுவும் நடக்காது. தட்டச்சு மட்டும் தடையின்றி நடக்கும். இரண்டுக்கும் பாதை வேறு என்பதே காரணம். தட்டச்சு கெர்னலின் உள்ளீட்டு அமைப்பு வழியே போகிறது. வியாவோ ‘எச்ஐடிரா’ என்னும் சாதனக் கோப்பைத் திறந்து விசைப்பலகையோடு நேரடியாகப் பேசுகிறது. அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை இயல்பாக ரூட் பயனருக்கு மட்டுமே உண்டு.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குவது நல்லது. உலாவி சாதனத்தோடு நேரடியாகப் பேச வியாவுக்குத் தேவையான வெப்எச்ஐடி வசதி 2021இல் குரோம் 89உடன் வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் வியா இயங்காது. உபுண்டுவில் ஸ்னாப் தொகுப்பாக வரும் குரோமியம் தனக்கென அடைக்கப்பட்ட சூழலில் ஓடுவதால், மற்றவை சரியாக இருந்தும் சாதனத்தைத் தொட முடியாமல் போகலாம். டெப் தொகுப்பாக நிறுவிய குரோமில் ஒருமுறை முயன்றால் சந்தேகம் தீரும். புளூடூத் வசதியுள்ள விசைப்பலகையானால் கேபிள் வழி இணைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகும் திறக்கவில்லை என்றால், குரோமின் ‘டிவைஸ் லாக்’ பக்கத்தைப் பார்க்க வேண்டும். எச்ஐடிரா கோப்பைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டதாக அங்கே பதிவாகியிருந்தால், சிக்கல் வியாவில் இல்லை. சாதனக் கோப்புகளின் உரிமைகளைக் கவனிக்கும் யூடெவுக்கு விதி ஒன்று எழுத வேண்டும் என்று பொருள்.

‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளை ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் காட்டும். கீக்ரான் விசைப்பலகைகளுக்குத் தயாரிப்பாளர் எண் 3434. இந்த எண்ணுள்ள எச்ஐடிரா சாதனங்களுக்கு ‘யூஆக்ஸஸ்’ என்ற குறியை இடும் ஒரு வரியை, யூடெவின் விதிக் கோப்புறையில் புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். கணினியின் முன் அமர்ந்து உள்நுழைந்திருக்கும் பயனருக்கு அந்தக் குறி உரிமை தரும். பிறகு ‘யூடெவ்ஏடிஎம்’ கட்டளையால் விதிகளை மறுபடி ஏற்றி, விசைப்பலகையைக் கழற்றிச் செருக வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் கோப்பின் பெயர். விதிக் கோப்புகள் பெயரின் வரிசையில் படிக்கப்படுகின்றன. யூஆக்ஸஸ் குறியைச் செயல்படுத்தும் கோப்பு 73 என்ற எண்ணில் தொடங்குகிறது. புதிய கோப்புக்கு 99 என்று பெயரிட்டால், குறி இடப்படுவதற்குள் அந்த 73ஆம் எண் கோப்பின் வேலை முடிந்துவிடும். விதி சரியாக இருந்தும் பயன் இராது. 59 அல்லது 70 போன்ற எண் போதும். அனுமதியை 0666 என்று வைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் கணினியிலுள்ள எந்தப் பயனரின் நிரலும் அந்த விசைப்பலகையின் தட்டல்களைப் படிக்கவும் மேக்ரோக்களை மாற்றவும் அது வழிவிடும். அதைத் தவிர்ப்பதே நலம்.

இணைப்பு கிடைத்தும் விசைகளின் படம் தோன்றாவிட்டால், அந்த மாதிரியின் வரையறை வியாவின் பட்டியலில் இல்லை என்று கொள்ளலாம். அமைப்புகளில் ‘டிசைன்’ தாவலை இயக்கி, தயாரிப்பாளர் தரும் ஜேசான் கோப்பை ஏற்ற வேண்டும். கோப்பு பழையதானால் வி2 வரையறைக்கான பொத்தானையும் அழுத்த வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றாக உள்ள வையல், வரையறையை விசைப்பலகைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஜேசான் தேடும் வேலை இல்லை. வரிசை எண்ணில் வையலுக்கான பொது அடையாளம் இருப்பதால், ஒரே யூடெவ் விதி எல்லா வையல் விசைப்பலகைகளுக்கும் பொருந்தும். டேப் டான்ஸ், காம்போ போன்ற வசதிகளும் கூடுதலாக உண்டு. ஆனால் விசைப்பலகையில் வையலுக்கான ஃபெர்ம்வேர் இருக்க வேண்டும். மேசைக்கணினிப் பதிப்பு ஆப்இமேஜாக வருகிறது, உபுண்டு 22.04 முதல் அதற்கு வேண்டிய ஃபியூஸ் 2 நூலகத்தைத் தனியே நிறுவ நேரும்.

இரண்டாலும் முடியாதது ஒன்றுண்டு. விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை, விசைகளின் எண்களையே அனுப்புகிறது. எனவே தமிழ்99 தளவமைப்பை வியாவில் அமைக்க இயலாது. அது ஐபஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருளின் வேலை.

லினக்ஸ் பயனருக்கு வியா தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்கது; அனுமதி விதியை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பிறகு தொல்லையில்லை. புதிதாக விசைப்பலகை வாங்குவோர், வையலை ஆதரிக்கும் மாதிரி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.