பசித்த மானுடமும் பெயரில்லா விற்பனையும்

பரத்தை, கணிகை, விலைமகள், வரைவின் மகளிர் எனப் பெண்பாற் பெயர்கள் தமிழில் நிரம்ப உள. 'பரத்தன்' என்னும் ஆண்பாற் சொல்லை வள்ளுவர் புலவி நுணுக்கத்தில் ஆண்டுள்ளார். எனினும் அது பரத்தமை நாடுவோனைக் குறிக்குமேயன்றித் தன்னை விற்பவனைக் குறிக்காது. சட்டமும் நெடுநாள் இவ்வழியே நின்றது. 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் மகளிரையும் சிறுமியரையுமே கருதிற்று. 1986-ஆம் ஆண்டுத் திருத்தமே ஆடவரும் அடங்குமாறு அதனைப் பொதுமையாக்கியது.

அத்திருத்தத்திற்கு எட்டாண்டு முன்னரே, 1978-இல், கரிச்சான் குஞ்சு 'பசித்த மானுடம்' என்னும் நாவலில் கணேசனைப் படைத்தார். வறுமையுற்ற கணேசனுக்குச் செல்வர் ஒருவர் உணவும் உடையும் சுகவாழ்வும் அளிக்கிறார். அவனுடலைத் தமதாக்கிக் கொள்கிறார். ஈண்டு விலை பேசப்படுவதில்லை. ஆதரவு என்னும் பெயரில் மறைந்து நிற்கிறது. பெயரற்ற இவ்விற்பனையை நிகழ்ச்சிகளாலேயே ஆசிரியர் உணர்த்துவது பெரிதும் பாராட்டத்தக்கது. பின்னர் அவனைப் பற்றும் தொழுநோயைத் தீவினைப் பயனெனக் கொள்வாரும் உளராகலாம். அது நூலைச் சிறுமைப்படுத்துவதாகும். தலைப்புச் சுட்டுவது பசியை, பாவத்தையன்று.

குறையும் உண்டு. கணேசன் பிறர் மனைகளில் பேணப்பட்டவன். சங்கரன்கோயில் போன்ற ஊரிலிருந்து பிழைப்பு நாடிச் சென்னை சென்று, இரவில் தெருவோரம் நின்று, காவலர்க்கு அஞ்சி, வீட்டிற்குப் பணம் விடுக்கும் இளைஞனை இந்நாவலில் காண இயலாது.