8 நாள், 12 பக்கம்

நியூயார்க்கில் நள்ளிரவு ஆகும்போது, அங்கே குளிர்காலமாக இருந்தால், சென்னையில் காலை பத்தரை மணி. டீக்கடையில் இரண்டாம் ஈடு வடை எடுக்கிற அந்த நேரத்தில்தான் 'என்ஒய்சி மிட்நைட்' போட்டிக்கான தாள் வெளியாகிறது. 2002 முதல் எழுத்துப் போட்டிகள் நடத்துகிறவர்கள். குறுந்திரைக்கதைக்குப் பெயர் கொடுத்தவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு மூன்று குறிப்புகள் தருகிறார்கள்: கதை எந்த வகை, எதைப் பற்றியது, யார் அதில் வர வேண்டும். முதல் சுற்றுக்கு 8 நாள், 12 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தேறியவர்களுக்கு அடுத்த சுற்றில் 3 நாள், 8 பக்கம். இறுதிச் சுற்றில் 24 மணி நேரம், 5 பக்கம். எந்த ஊர்க்காரரும் சேரலாம், ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கட்டணம் நம் பணத்தில் சில ஆயிரம்.

திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவருக்கு இதனால் என்ன கிடைக்கும்? 'எல்லாம் ஒரு அனுபவம்தானே' என்பார்கள். சில ஆயிரம் ரூபாயும் எட்டு நாள் தூக்கமும் போகிற காரியத்துக்கு அந்தப் பதில் போதாது.

ஒரு தாளை நாமே போட்டுப் பார்ப்போம். வகை: பேய்க்கதை. பொருள்: சொத்துப் பிரிப்பு. பாத்திரம்: பல் மருத்துவர். படித்த உடனே தோன்றுவது என்ன? பாகம் பிரிக்கப் பழைய வீட்டில் கூடுகிறார்கள், மூத்த மகன் பல் மருத்துவர், இறந்துபோன அப்பா இரவில் நடமாடுகிறார். இது யாருக்கும் தோன்றும். அதே குழுவில், அதே மூன்று குறிப்புகளோடு உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோருக்கும் தோன்றியிருக்கும். நடுவர் இந்தக் கதையைக் காலையிலிருந்து நாலைந்து முறை படித்திருப்பார். ஆகவே விட வேண்டியதுதான். இரண்டாம் நாள், அப்பாவின் பல்செட் ராத்திரியில் பேசுகிறது என்று எழுதிப் பார்க்கிறோம். சிரிப்பு வருகிறது, பயம் வரவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வேறொன்று அகப்படலாம். காடாற்றுக்குப் போன இடத்தில் மகன் சாம்பலுக்குள் ஒரு பல்லைப் பார்க்கிறார். அப்பாவின் வாயை முப்பது வருடம் பார்த்தவர் அவர். அது அப்பாவின் பல் இல்லை. அப்படியானால் எரித்தது யாரை? வீட்டில் நடப்பது யார்? இதற்குப் பிறகு தம்பிகள் நீட்டும் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடுவாரா?

இப்போதுதான் கதைக்குப் பல் மருத்துவர் தேவைப்படுகிறார். முதல் யோசனையில் அவர் தாசில்தாராக இருந்திருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. கொடுத்த குறிப்பைக் கதைக்குள் ஒட்டவைப்பதற்கும் குறிப்பிலிருந்தே கதையைக் கிளப்புவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்காகச் சொல்லித் தராது. சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' நல்ல புத்தகம்தான். ஆனால் ஒரு தேதியைச் சொல்லி அதற்குள் முடி என்று அதனால் அதட்ட முடியாது. முதல் சுற்றுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

இறுதிச் சுற்றுக்குத் தர மாட்டேன். 24 மணி நேரத்தில் அந்த மூன்றாம் நாள் யோசனை வருவதற்கு இடமே இல்லை. கைப்பழக்கம் உள்ளவர் தன் பழைய சரக்கில் ஒன்றை எடுத்து, தாளுக்கு ஏற்ப வெட்டித் தைத்துக் கொடுப்பார். கடைசிப் பக்கத்தில் ஒரு திருப்பம் வைப்பார். போட்டி கடினமாக ஆக, அளக்கப்படுவது எழுத்தைவிட வேகமாகிவிடுகிறது. வெற்றி பெற்றவரே சிறந்த திரைக்கதையாளர் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பெரியது. ஒவ்வொருவர் பிரதிக்கும் நடுவர்கள் குறிப்பு எழுதித் தருகிறார்கள்: எது பிடித்தது, எதைத் திருத்தலாம். முகம் தெரியாத ஒருவர் நம் எழுத்தைக் கடைசிவரை படித்துக் கருத்துச் சொல்வது அரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் படிப்பது காகிதத்தை. அந்த 12 பக்கத்தில் ரயில் கவிழலாம், ஊரே வெள்ளத்தில் மிதக்கலாம், ஒரு பைசா செலவில்லை. 'அவள் கண்களில் அப்பாவை மன்னிக்காத பதினாறு வருடங்கள் தெரிகின்றன' என்று எழுதினால் படிப்பவர் நெகிழ்ந்துபோவார். கேமராவை எங்கே வைத்து அந்தப் பதினாறு வருடத்தை எடுப்பது? காட்சியாக்க முடியாத இப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு இந்தப் போட்டிகளில் நல்ல வரவேற்பு கிடைக்கிற வாய்ப்பு அதிகம், ஏனென்றால் யாரும் அதைக் காட்சியாக்கப் போவதில்லை.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கும் கூரியர் எழுத்து, 12 புள்ளி அளவு, நடுவில் ஒடுங்கிய வசனம் என்ற ஹாலிவுட் தாளுக்கு உரியது. கோடம்பாக்கத்தில் வெகுகாலம் தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமும் எழுதினார்கள். அதையும் தயாரிப்பாளர் படிப்பது குறைவு, அவருக்குக் கதையைச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் எந்த இடத்தில் கைபேசியை எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே சொல்லத் தெரியாதவருக்கு இங்கே எழுதத் தெரிந்தும் பாதிப் பயன்தான். ஆங்கிலத்தில் 12 பக்கம் எழுதுகிற தமிழர் இந்தப் பழக்கத்தையும் இழக்கிறார், மதுரைக்காரரை மதுரைக்காரராகப் பேசவைக்கும் வாய்ப்பையும் இழக்கிறார்.

இதோடு ஒப்பிடச் சரியான போட்டி '48 ஹவர் ஃபிலிம் ப்ராஜெக்ட்'. 2001-இல் வாஷிங்டனில் தொடங்கியது. வகையைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் கட்டாயம். ஆனால் 48 மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டியது காகிதம் இல்லை, எடுத்து முடித்த படம். வெள்ளி இரவு எழுதியது சனி மதியம் வெயிலில் நிற்கும்: நடிகர் வாயில் வசனம் நுழையாது, மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும். எழுத்தாளர் அங்கேயே நாலு வரியை அடிப்பார். அடித்த பிறகு காட்சி நன்றாகவே இருக்கும்.

நம் ஊரில் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சி செய்ததும் இதுதான். கலைஞர் தொலைக்காட்சியில் குறும்படம் எடுத்துக் காட்டியவர்களில் நலன் குமரசாமி 'சூது கவ்வும்' எடுத்தார், கார்த்திக் சுப்பராஜ் 'பீட்சா' எடுத்தார். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' முதலில் குறும்படம், 2012-இல் முழுப்படம். அவர்கள் கையில் இருந்தது நடுவர் எழுதிய குறிப்பில்லை, யாருக்கும் போட்டுக் காட்டக்கூடிய பத்து நிமிடப் படம். குறுந்திரைக்கதைப் போட்டியில் வென்றவர் கையில் அது இருக்காது. முழுநீளத் திரைக்கதைக்கென ஆஸ்கர் அகாடமி 1986 முதல் புதியவர்களுக்கு வழங்கிவந்த நிக்கல் ஃபெலோஷிப் போன்றவற்றின் கதை வேறு. சூசன்னா கிராண்ட் அதைப் பெற்றுச் சில ஆண்டுகளில் 'எரின் ப்ரோக்கோவிச்' எழுதினார். நீளமான திரைக்கதையை வாங்க ஆளுண்டு. 12 பக்கத் திரைக்கதைக்குச் சந்தை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. வாய்ப்புத் தேடிச் சேருகிறவர் இதைத் தெரிந்துகொண்டே பணம் கட்ட வேண்டும்.

யார் சேரவே கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். மேசை இழுப்பறையில் அறுபதாம் பக்கத்தில் நின்றுபோன முழுநீளக் கதை வைத்திருப்பவர். அவருக்கு இந்தப் போட்டி அந்த அறுபத்தோராம் பக்கத்திலிருந்து தப்பிக்க ஒரு கௌரவமான வழி.

என் தீர்ப்பு: கெடு வைத்தால்தான் எழுத வரும் என்கிறவரும், முதல் யோசனையிலேயே நின்றுவிடுகிறவரும் ஒரே ஒரு முறை சேரலாம், அதுவும் முதல் சுற்றுக்காக. முடிவு வரும்வரை காத்திருக்காமல், அந்த 12 பக்கத்தில் இரண்டு பக்கத்தைத் தமிழில் மாற்றி, இரண்டு நண்பர்களை நிற்கவைத்துக் கைபேசியில் எடுத்துப் பாருங்கள். இரண்டாவது முறை கட்ட நினைத்திருக்கும் பணத்துக்குச் சட்டையில் மாட்டும் நல்ல மைக் ஒன்று கிடைக்கும்.