மாரியோவின் இரண்டு இரண்டாம் பாகங்கள்

ஒரு நூல் புகழ் பெற்றுவிட்டால் அதற்கு ஒரு தொடர்ச்சி வேண்டும் என்று கேட்பது மக்கள் இயல்பு. ஆசிரியன் அதற்கு இரு வகையாக விடை தரலாம். முன்னதையே சற்று மிகுத்துத் தரலாம். அன்றி, முன்னதிலிருந்து விலகி வேறொன்றைத் தரலாம். சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். மணிமேகலையில் இன்னொரு சிலம்பு உடைவதில்லை. இன்னொரு மதுரை எரிவதில்லை. ஆசிரியர் வேறு, நோக்கம் வேறு. முன்னைக் காப்பியத்தின் ஓரத்தில் நின்ற பெண்ணே பின்னதில் தலைவி. ஆயினும் அவ்விரண்டையும் உடன்பிறப்பு அல்ல என்று சொல்லத் துணிவார் யார்?

இத்தனை பெரிய நூல்களை முன்னிறுத்திவிட்டு நான் ஆராயப் புகுவது ஒரு தொலைக்காட்சி ஆட்டத்தை. புலவர்கள் நகைப்பர், நகைக்கட்டும். இன்று நம் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் பலர் இளமையில் இவ்வாட்டத்தோடு வளர்ந்தவர்கள். அவர்கள் மனத்தில் இடம்பெற்ற ஒன்றை ஆராய்ச்சிக்கு உரியதன்று என ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஆட்டப்பெட்டிக்கு ஃபேமிகாம் என்று பெயர். அதைப் பின்பற்றித் தைவானில் செய்த ‘மைக்ரோ ஜீனியஸ்’ பெட்டியே நம் நாட்டில் மிகுதியும் பரவியது. பயிற்சிக் கல்லூரி முடித்துக் கெடாவில் ஒரு தோட்டப் பள்ளிக்கு நான் வந்த புதிதில், மாலையில் லயத்து வழியே நடந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து அந்த மாரியோ இசை கேட்கும். ஒரே கேசட்டில் பல ஆட்டங்கள் இருக்கும். மேலே ஒட்டிய படத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் உறவு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வகுத்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985இல் வெளிவந்தது. ஓடுவது, தாவுவது, பகையின் தலையில் மிதிப்பது என மூன்றே செயல்கள்; அவற்றைக் கொண்டு ஓர் உலகையே கட்டிவிட்டார்கள். அதற்கு இரண்டாம் பாகங்கள் இரண்டு உண்டு என்பதே இங்கு வழக்கு.

முதலாவது, 1986 ஜூனில் ஜப்பானில் வட்டு வடிவில் வந்தது. தேர்ந்த ஆட்டக்காரர்க்கு உரியது என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். அந்த நேர்மையைப் பாராட்டவே வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது என்ன? தின்றால் வளர்க்கும் காளானைப் போலவே தோன்றித் தீங்கு செய்யும் நச்சுக் காளான். முன்னே தூக்கிச் செல்லும் என்று நம்பி நுழைந்தால், மூன்றாம் உலகத்திலிருந்து முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பும் குழாய். தாவும் இடத்தில் தலையில் முட்டிப் பள்ளத்தில் தள்ளுவதற்கென்றே வைத்த, கண்ணுக்குத் தெரியாத கட்டிகள். இவற்றைக் கண்டபோது, மாணவன் எதைக் கற்றான் என்று அறிவதற்காக அன்றி, எங்கே வழுக்கி விழுவான் என்று பார்ப்பதற்காகவே வினாத்தாள் அமைக்கும் சில தேர்வாளர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். கடினம் என்பதையே ஆழம் என்று கொண்ட பிழை இது. நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை இதை அப்போது வாங்க மறுத்தது. மிகக் கடினம் என்பது அவர்கள் கருத்து.

அவர்களுக்கெனத் தந்தது வேறு. 1987இல் ஃபூஜி தொலைக்காட்சியின் ‘யூமே கோஜோ’ என்னும் விழாவையொட்டி, கென்சுகே தனபே தலைமையில் நிண்டெண்டோவே ‘டோக்கி டோக்கி பேனிக்’ என்னும் ஆட்டத்தைச் செய்திருந்தது. அரபு நாட்டுக் கோலம். இமாஜின், லினா, மாமா, பாப்பா என நால்வர் கொண்ட குடும்பம். (அங்கே மாமா என்பவர் தாய், பாப்பா என்பவர் தந்தை! நம் செவிக்கு உறவுமுறையே தலைகீழ்.) இந்நால்வரின் உருவங்களை நீக்கி மாரியோ, லூயிஜி, காளான்தலையன் டோட், இளவரசி ஆகியோரை வைத்து, வேறு சில திருத்தங்களும் செய்து, 1988 அக்டோபரில் அமெரிக்காவில் இரண்டாம் பாகம் என்று வெளியிட்டார்கள்.

“அது மாரியோவே இல்ல சார். வேற ஆட்டத்துக்கு முகமூடி போட்டு ஏமாத்திட்டாங்க” என்கிறான் என் பழைய மாணவன் ஒருவன். இப்போது கோலா கெடாவில் குடும்பத்தோடு இருக்கிறான். பழைய பெட்டியைப் பழுது பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறான். சென்ற பள்ளி விடுமுறையில் அவன் வீட்டில் இரு பாகங்களையும் ஆடிப் பார்த்தேன். அவன் கருத்து பலருடைய கருத்துமாகும். எனக்கு அது உடன்பாடன்று.

பிறர் பாட்டில் தன் பெயரைச் செருகிக்கொண்டால் அது களவு. இங்கோ பாட்டும் பெயரும் ஒரே கூடத்தில் பிறந்தவை. அது நிற்க, ஆடுவோன் கைக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். இதில் பகையின் தலையில் குதித்தால் அது சாவதில்லை. அதன்மேல் நின்று, தூக்கி, இன்னொன்றின்மேல் எறிய வேண்டும். தரையில் முளைத்த கீரையைப் பிடுங்கினால் கிழங்கு வரும், அதுவே படைக்கலம். முதற்பாகத்தில் பழகிய கை இங்கே மீண்டும் அரிச்சுவடி தொடங்குகிறது. நால்வருக்கும் நால்வகைத் திறன்: லூயிஜி உயரத் தாவுவான், டோட் விரைந்து பிடுங்குவான், இளவரசி பிடுங்குவதில் பின்தங்கினாலும் காற்றில் சிறிது நேரம் மிதப்பாள், மாரியோ எல்லாவற்றிலும் நடுத்தரம். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னே யாரை அனுப்புவது என்று நாம் எண்ணித் துணிய வேண்டும். முதற்பாகம் முழுவதும் மீட்கப்படுவதற்காகச் சிறையில் காத்திருந்தவள் அந்த இளவரசி என்பதை மறக்கலாகாது. மாதவி மகள் தனித் தலைவியானதை நான் முதலில் சொன்னது இதற்காகத்தான்.

குறைகளும் உள. முட்டை உமிழும் ‘பேர்டோ’ ஏறத்தாழ ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வந்து சலிப்பூட்டுகிறது. மணலைத் தோண்டும் பகுதிகள் நீளம். எல்லாம் மாரியோ கண்ட கனவு என்று முடிக்கிறார்கள். சிறுகதைப் போட்டியில் மாணவர் இப்படி முடித்தால் நான் மதிப்பெண் குறைப்பேன். ஆனால் கனவு நாட்டுக்குள் நுழைகிறோம் என்று தொடக்கத்திலேயே கதை சொல்லிவிடுகிறதே. யூமே கோஜோ என்பதற்கும் கனவுத் தொழிற்சாலை என்றுதான் பொருள். ஆதலால் பாதி மதிப்பெண் குறைத்தால் போதும். இறுதிப் பகைவனாகிய தவளை அரசனை வாயில் காய்கறி எறிந்தே வெல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சிற்றுண்டிச் சாலையில் பிள்ளைகளின் தட்டைப் பார்த்திருக்கும் எந்த ஆசிரியரும் சுவைப்பார்.

ஜப்பானியரும் இதைத் தள்ளவில்லை. 1992இல் ‘சூப்பர் மாரியோ யுஎஸ்ஏ’ என்ற பெயரில் தாய்நாட்டிலும் வெளியிட்டார்கள். மற்றதை 1993இல் அமெரிக்கர் ஒரு தொகுப்பில் பெற்றபோது அதற்கு ‘இழந்த நிலைகள்’ என்று பொருள்படும் பெயர் இருந்தது.

என் மாணவனிடம் இவ்வளவும் சொன்னேன். அவன் ஒப்பவில்லை, “நீங்க முதல்ல ஆறாவது உலகத்தைத் தாண்டுங்க சார், பிறகு பேசலாம்” என்றான். ஆறாம் உலகத்துப் புதைமணலில் நான் நான்கு முறை அமிழ்ந்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் கைப்பிடியை வாங்கி, ஒன்றும் பேசாமல் இளவரசியைத் தேர்ந்து, மணலுக்கு மேலே மிதந்து அப்பால் போனாள்.