இலவசக் கருவியும் காசு வாங்கியவர் பொறுப்பும்

அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இலவச மென்பொருளில் இருந்த மோசமான ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2017 மார்ச் 7ஆம் தேதி வெளியானது. 48 மணி நேரத்துக்குள் அதைப் போட்டுவிட வேண்டும் என்று ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனத்துக்குள் மின்னஞ்சலும் போனது. ஆனால், வாடிக்கையாளர்கள் முறையிடும் தளத்தில் அது போடப்படவில்லை. பிறகு நடத்திய ஸ்கேனிலும் ஓட்டை சிக்கவில்லை. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளேயே உலாவினார்கள். வெளியே போகும் தரவைக் கண்காணிக்க வேண்டிய கருவியோ, அதன் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்களாகச் சும்மா கிடந்தது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. பதவி விலகிய தலைவர் ரிச்சர்ட் ஸ்மித், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஓர் ஊழியரின் தவறைக் காரணமாகச் சொன்னார். அத்தனை பெரிய நிறுவனத்தின் காவல் ஒற்றை ஆளை நம்பியிருந்தது என்றால், அதுவே குற்ற ஒப்புதல்தான்.

ஸ்ட்ரட்ஸை எழுதியவர்களைக் கூண்டில் ஏற்ற முடியுமா? ‘உள்ளது உள்ளபடி தருகிறோம், உத்தரவாதம் இல்லை’ என்பது திறமூல உரிமங்களில் வழக்கமாக இருக்கும் வாசகம். இதைப் பொறுப்பின்மை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். வழக்குச் செலவும் அவர்கள் தலையில்தான் என்றால் யார் எழுதுவார்கள்?

அதற்காக எழுதியவர்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரில், நிரல்களின் செயல்களைப் பதிவு செய்யத் தன்னார்வலர்கள் பராமரிக்கும் லாக்4ஜே என்ற இலவச மென்பொருளில் வெடித்தது கைத்தவறு அல்ல. 2013இல் தெரிந்தே சேர்த்த வசதி. பதிவேட்டில் எழுதவரும் ஒரு வரி வெளியிலிருந்து நிரலை இழுத்துவந்து இயக்க அது வழிவிட்டது. மோசமான வடிவமைப்புதான். ஆனாலும் அந்தத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளியிட்டார்கள். தாங்கள் வாங்கிய பொருளுக்குள் லாக்4ஜே இருப்பதே தெரியாத வாடிக்கையாளர்கள்தான் திண்டாடினார்கள். ஈக்விஃபாக்ஸைக் கேட்டதுபோல் ‘ஏன் பேட்ச் போடவில்லை’ என்று அவர்களைக் கேட்பது நியாயமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர், விற்றவர்.

கோளாறு இங்கேதான். இலவசமாகத் தருபவருக்காக எழுந்த ‘உத்தரவாதம் இல்லை’ என்ற வாசகத்தின் நிழலில், காசு வாங்கி விற்பவரும் ஒதுங்கிக்கொள்கிறார். 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் இதைத்தான் குறிவைக்கிறது. வெளியாரின் நிரலைச் சேர்த்து விற்றாலும் பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. வணிக நோக்கமற்ற திறமூலத்துக்கு விலக்கு. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயம். சிறு நிறுவனங்களுக்கு இது பாரம்தான். இருந்தும் பொறுப்பு சரியான தோளுக்கே போகிறது என்பேன். சேர்த்த நிரலில் ஓட்டை கண்டால் அதைப் பராமரிப்பவருக்குத் தெரிவிக்கவும், தாம் எழுதிய திருத்தத்தைப் பகிரவும் விற்பவரைச் சட்டம் பணிக்கிறது. பராமரிப்பவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை.