பயன்படும் புத்தகத்துக்கு என்ன அடையாளம்?

ஒரு நாவல் பிடிக்காமல் போனால் நமக்கு நட்டம் அதன் விலையும் சில மணி நேரமும்தான். பாம்புக்கடிக்கு முதலுதவி சொல்லும் நூல் பிழையாக இருந்தால் போவது உயிர். பூச்சிமருந்தின் அளவைத் தவறாக அச்சிட்ட நூலை நம்பிய விவசாயிக்கு ஒரு போகமே கைவிட்டுப் போகலாம். ஆனால் நாவலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் மதிப்புரை எழுதத் தமிழில் பலர் இருக்கிறார்கள். சமையல், வேளாண்மை, வீட்டு மருத்துவம், சட்டம், தையல், கணினி, போட்டித் தேர்வு என்று அன்றாடம் கைக்கு வேண்டிய நூல்களை எடுத்துச் சோதித்துச் சொல்ல அநேகமாக ஒருவரும் இல்லை. இவை இலக்கியம் அல்ல என்பதால் திறனாய்வுக்கு வெளியே நிற்கின்றன. வீடுகளில் இடம்பிடிப்பவையோ பெரும்பாலும் இவைதான்.

மதிப்புரை இல்லாத இடத்தில் வாங்குபவர் தம் கண்ணையும் கையையுமே நம்ப வேண்டியிருக்கிறது. 1977இல் தொடங்கி, இப்போது பொங்கலை ஒட்டி நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் இதைக் கண்ணாரக் காணலாம். கூட்டம் நெருக்கும் அரங்கில் ஒரு வழிகாட்டி நூலை எடுத்தவர் அட்டையைப் பார்க்கிறார், பின்னட்டையில் விலையைப் பார்க்கிறார், பொருளடக்கத்தைப் புரட்டுகிறார், எத்தனையாவது பதிப்பு என்று தேடுகிறார், ஆசிரியர் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டங்களைப் படிக்கிறார். சில நிமிடங்களில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. இந்த அளவுகோல்கள் எதையும் வீண் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதுதான் கேள்வி.

பதிப்பு, பட்டம், பொருளடக்கம்

பதினைந்தாம் பதிப்பு என்பது நம்பிக்கை தரும் செய்திதான். பலர் தேடி வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வாங்கியவர்கள் அதன்படி செய்து பார்த்தார்களா, செய்தது பலித்ததா என்பதைப் பதிப்பு எண் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், மறுபடி அச்சிட்டதும் திருத்தி அச்சிட்டதும் ஒரே பெயரில் வருவது. 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. நம் ஊர்ப் பேச்சில் மோசடிக்கு மறுபெயராகவே ஆகிவிட்ட 420ஆம் பிரிவு இப்போது 318ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் வழக்கறிஞருக்குப் பழைய நூலும் வேண்டும். புதிதாகப் புகார் எழுதப் போகிற சாதாரண மனிதருக்கு, பழைய பிரிவு எண்களோடு புது அட்டை போட்டு வரும் சட்டக் கையேடு தவறான வழியைக் காட்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 2022 முதல் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமானது. அதற்கு முந்தைய வழிகாட்டியைப் பாதி விலையில் வாங்கியவருக்கு மிச்சம் எதுவும் இல்லை. எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதைத் தெளிக்கச் சொல்லும் பக்கத்தோடு ஒரு வேளாண் நூல் இன்றும் கடையில் இருந்தால், அது எத்தனையாவது பதிப்பாக இருந்தால் என்ன? எத்தனை முறை அச்சானது என்பதைவிடக் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதே முக்கியம். அந்த விவரம்தான் பெரும்பாலான நூல்களில் இல்லை.

பட்டமும் இப்படித்தான். மருந்து அளவு சொல்லும் நூலை மருத்துவம் படித்தவரே எழுத வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் ஒரு வேலையை அறிந்திருப்பது வேறு, அதைத் தெரியாதவருக்கு எழுத்தில் கற்றுக்கொடுப்பது வேறு. எஸ். மீனாட்சி அம்மாள் எந்தச் சமையல் கல்லூரிக்கும் போனவர் அல்லர். 1951இல் அவர் எழுதி வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ தலைமுறைகளைத் தாண்டி நிற்கக் காரணம், அடுப்பு மூட்டவே புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அவர் எழுதியதுதான். எவ்வளவு, எதற்குப் பின் எது, எந்த நிலையில் இறக்குவது என்பதை அவர் சொல்லாமல் விடுவதில்லை. அந்த நூலுக்கும் காலத்தின் எல்லை உண்டு. இந்தியாவில் மெட்ரிக் அளவைகள் வருவதற்கு முன், ஆழாக்கும் படியும் புழங்கிய நாளில், பிரஷர் குக்கர் வீட்டுப் பொருளாகாத காலத்தில் எழுதப்பட்டது அது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற வாய்ப்பாடு தெரியாத இன்றைய வாசகருக்கு அளவுகளை மாற்றிச் சொல்ல ஒரு கை தேவைப்படுகிறது. மிகச் சிறந்த செய்முறை நூலுக்கும் இடையிடையே செப்பனிடல் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

பொருளடக்கம் மிக எளிதாக ஏமாற்றும். ஐந்நூறு கைவைத்தியக் குறிப்புகள், முந்நூறு வகைச் சமையல் என்று எண்ணிக்கையை அட்டையில் போடும் நூல்களில் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் நான்கைந்து வரி. நான்கு வரியில் ஒரு துவையல் அரைத்துவிடலாம். அதிரசம் சுட முடியாது.

ஒரு பக்கத்தை மட்டும் படியுங்கள்

அதிரசத்தையே சோதனைப் பக்கமாக வைத்துக்கொள்ளலாம். எந்தச் சமையல் நூலை எடுத்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘வெல்லப் பாகு காய்ச்சி அரிசி மாவைக் கொட்டிக் கிளறித் தட்டிப் பொரித்தெடுக்கவும்’ என்று முடித்துவிட்டால் அந்த நூல் செய்யத் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும். செய்யத் தெரிந்தவருக்கோ அது தேவையே இல்லை. நல்ல நூல், பச்சரிசியை ஊறவைத்து நீர் வடித்து, ஈரம் முழுதும் காயுமுன் இடிக்கச் சொல்லும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலில் உருட்ட வர வேண்டும் என்று பதத்துக்கு அடையாளம் சொல்லும். கிளறிய மாவை ஒரு நாளாவது வைத்திருந்து சுடச் சொல்லும். இவற்றுக்கு மேல் இன்னொன்றும் சொல்லும்: எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோனால் பாகு பதம் போதவில்லை, கல்லாக இறுகினால் பதம் முற்றிவிட்டது. தவறு எங்கே நேரும், நேர்ந்தால் அதன் குறி என்ன, என்ன செய்து மீட்கலாம் என்று எழுதுபவர்தான் அந்த வேலையைச் செய்து பார்த்தவர், பிறர் செய்யும்போது கூட இருந்தவர். வேறு நூல்களிலிருந்து தொகுப்பவருக்கு இந்த வரிகள் வரவே வராது.

வீட்டு மருத்துவ நூலுக்கு இரண்டு பக்கங்கள் போதும். முதலாவது பாம்புக்கடி. கடிவாயைக் கீறு, வாயால் உறிஞ்சு, மேலே இறுக்கிக் கட்டு என்று சொல்லும் நூலை அந்த இடத்திலேயே கீழே வைத்துவிடலாம். இவை மூன்றும் தீங்கு செய்பவை என்று மருத்துவ உலகம் எப்போதோ சொல்லிவிட்டது. கடிபட்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோவதுதான் இன்றைய முறை. இரண்டாவது வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கவும் என்பதோடு நிறுத்தினால் போதாது. சுத்தமான தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு என்று அளவு இருக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். எந்த நிலையில் வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்ற எல்லையும் இருக்க வேண்டும். தன் எல்லையைச் சொல்லாத மருத்துவ நூலை, எத்தனை பேர் பரிந்துரைத்தாலும் வாங்கக் கூடாது.

மெக்சிகோவின் மலைக்கிராமங்களில் பணிசெய்த டேவிட் வெர்னர் 1970களில் ஸ்பானிய மொழியில் உருவாக்கி, பிறகு உலகின் பல மொழிகளுக்குப் போன ‘மருத்துவர் இல்லாத இடத்தில்’ என்ற நூலை இங்கே நினைக்க வேண்டும். அதில் மருந்துகளின் பயன், அளவு, எச்சரிக்கை எல்லாம் தனிப் பச்சைப் பக்கங்களில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவசரத்தில் புரட்டுகிறவரின் கை நேரே அங்கே போகும். நூலின் அமைப்பே வாசகரின் நெருக்கடியை எண்ணிச் செய்யப்பட்டிருக்கிறது. எளிய மக்களுக்கான நூல் என்பதால் தரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

பார்வை நூல்களுக்கு வேறு அளவுகோல்

அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவற்றை யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. தேடியது கிடைக்கிறதா, கிடைத்தது போதுமா என்பதே அங்கே கேள்வி. ஓர் அகராதியை மதிப்பிட ‘பிடி’, ‘விடு’, ‘எடு’ போன்ற எளிய வினை ஒன்றைத் தேடிப் பாருங்கள். பத்துப் பொருள்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கியிருந்தால் எது எங்கே பொருந்தும் என்று தெரியாமல் திரும்ப வேண்டியதுதான். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒவ்வொரு பொருளையும் பிரித்து எடுத்துக்காட்டு வாக்கியம் தந்தது. 2008இல் விரித்துத் திருத்திய பதிப்பும் வந்தது. விலை கூடுதல்தான். ஆனால் எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர், தமிழ் கற்பிக்கிறவர் வாரத்தில் பலமுறை புரட்டுகிற நூலுக்கு அந்த விலை நியாயமானது.

எல்லாப் பெருநூலுக்கும் இது பொருந்தாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இன்றும் ஈடில்லாதது. அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுகிற நூலுக்குக் கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. அடிக்கடி தேவைப்படுவதும் அவசரத்தில் தேவைப்படுவதுமே வீட்டில் இருக்க வேண்டியவை.

அச்சுநூலுக்கு இன்று காணொளிகள் பெரும் போட்டி. கை எப்படி அசைய வேண்டும் என்பதை எழுத்தைவிட அவை நன்றாகக் காட்டும். முறுக்குப் பிழிவதையும் ஒட்டுக்கட்டுவதையும் பார்த்துக் கற்பதே சிறப்பு. ஆனால் அளவுப் பட்டியல், ஒப்பீட்டு அட்டவணை, விதிவிலக்குகள், குறையும் தீர்வும் ஆகியவற்றை ஒரே பார்வையில் தருவது அச்சுப் பக்கம்தான். காணொளியில் ஓர் அளவைத் திரும்பத் தேட முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அதனால் ஒரு செய்முறை நூல் தரும் அட்டவணைகளையும் சொல்லடைவையும் பார்த்தே அதற்குக் காசு கொடுக்கலாமா என்று தீர்மானிக்கலாம். சொல்லடைவு இல்லாத பார்வை நூல் பாதி நூல். தமிழில் இந்தக் குறை பரவலாக இருக்கிறது.

இந்தச் சோதனையின் குறை

தெரிந்த ஒரு பக்கத்தை வைத்து நூலை எடைபோடும் முறைக்கும் குறை உண்டு. முதலாவது, ஒரு பக்கம் நன்றாக இருப்பதால் எல்லாப் பக்கமும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, இன்னும் ஆழமானது: வேலை தெரிந்தவர் பிழையைக் கண்டுபிடிப்பார், இடைவெளியைக் காணமாட்டார். நூல் ஒரு படியை விட்டுவிட்டால் அவர் மனம் தானாகவே அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். வேலை தெரியாதவரோ விட்டுப்போன படியில் திகைத்து நிற்பார். ஆனால் எழுதியிருப்பது பொய் என்றால் அவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு செய்முறை நூலுக்கு இரண்டு நடுவர்கள் வேண்டும்: அறிந்தவர் ஒருவர், அறியாதவர் ஒருவர். பண்ணை வைத்திருக்கும் விவசாயி காளான் வளர்ப்பு நூலைப் படித்துப் பிழை சொல்ல வேண்டும். காளானே வளர்த்திராத ஒருவர் அந்த நூலை மட்டும் வைத்துக்கொண்டு வளர்த்துப் பார்த்து எங்கே தடுக்கியது என்று சொல்ல வேண்டும். இருவரும் சேர்ந்து சொன்னால்தான் அது முழு மதிப்புரை. படித்துவிட்டு மட்டும் எழுதும் மதிப்புரை இந்த வகை நூலுக்குப் போதாது.

தமிழ்வாணன் பெயரோடு இணைந்த மணிமேகலைப் பிரசுரம் போன்றவை எளிய விலையில் செய்முறை நூல்களைக் கொண்டுவந்து, படிப்பு குறைந்தவரும் புத்தகத்தைப் பார்த்து ஒரு தொழிலைத் தொடங்கலாம் என்ற எண்ணத்தை விதைத்தன. அந்தத் தொண்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அந்த வாசகர்களுக்குத் தரமான நூல் போய்ச்சேர வேண்டும் என்பதால்தான் கறாரான மதிப்பீட்டைக் கேட்கிறோம். வசதியுள்ளவர் தவறான நூலை வாங்கினால் இன்னொன்றை வாங்கிக்கொள்வார். கடன் வாங்கிக் கோழிப்பண்ணை வைக்கப் போகிறவருக்கு அந்த ஒரு நூல்தான் ஆசிரியர்.

எனவே மூன்று தரப்பாரிடம் மூன்று வேண்டுகோள்கள். பதிப்பாளர்கள் முதல் பதிப்பின் ஆண்டோடு கடைசியாகத் திருத்திய ஆண்டையும், யார் சரிபார்த்தார் என்பதையும் அச்சிட வேண்டும். சொல்லடைவு சேர்க்க வேண்டும். இதழ்கள் மாதம் ஒரு செய்முறை நூலையாவது செய்து பார்த்து மதிப்புரை வெளியிட வேண்டும். வாசகர்கள் விலையைப் பார்க்குமுன் திருத்திய ஆண்டைப் பார்க்க வேண்டும். தமக்குத் தெரிந்த ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டும். ‘தவறினால் என்ன செய்வது’ என்று நூல் சொல்கிறதா எனத் தேட வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இரண்டு மட்டும் இருந்தால் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். ஒன்றும் இல்லை என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் அந்த நூல் வேண்டாம்.